தமிழ் தெரிந்த பெக்கோ

சீனன்குடா வீதியில் அந்த ஐப்பசி மாதம் ஒரு புதிய பஸ் தரிப்பிடம் உண்டாயிற்று. பலகை இல்லை, கொட்டகை இல்லை. கொண்டக்டர் "பேய்ப் பெக்கோ இறக்கம்" என்று ஒரு குரல் கொடுத்தால் பாதி பஸ் காலியாகிவிடும். நிலாவெளியிலிருந்து வந்தார்கள். மூதூரிலிருந்து லோஞ்ச் படகு ஏறி வந்தார்கள். சுற்றிவளைப்புக்குப் பயந்து சந்தைக்கே போகாத மனிதர்கள், நான்கு இராணுவச் சென்றிப் பொயின்றில் இறங்கி ஏறி, அடையாள அட்டையை நான்கு தரம் நீட்டி, பேய் பார்க்க வந்தார்கள். வழியில் நின்ற துவக்குகளுக்குப் பயந்தவர்களில் ஒருவர்கூடப் பேய்க்குப் பயந்ததாகத் தெரியவில்லை. கச்சான் கடலைக்காரர் இரண்டு பேர் இடம் பிடித்துவிட்டார்கள். ஐஸ்பழ வானும் வந்துவிட்டது.

அப்படிப் பார்க்க என்ன இருந்தது? ஒரு மஞ்சள் பெக்கோ. கிடங்கு வெட்டுகிற, மண் அள்ளுகிற அதே பெக்கோதான். அதன் நீண்ட கை சோர்ந்துபோய்த் தரையில் கிடந்தது. வாளியின் ஐந்து பல்லிலும் ஐந்து எலுமிச்சம்பழம். கழுத்தென்று ஒன்று அதற்கு இல்லாததால் கையிலேயே செவ்வரத்தம்பூ மாலை. சனம் வரிசையில் நின்று, ஒவ்வொருவராகச் சங்கிலிச் சக்கரத்தில் கால்வைத்து ஏறி, ஓட்டுநர் இருக்கும் கூட்டுக்குள் எட்டிப் பார்த்து, கன்னத்தில் போட்டுக்கொண்டு இறங்கியது. உள்ளே, கதிரைக்கு முன்னால், தீப்பெட்டி அளவில் ஒரு கண்ணாடி. அதில் சிவப்பாக மூன்று எழுத்து எரிந்தது.

PEY.

பேய். சந்தேகம் உள்ளவர்கள் எழுத்துக்கூட்டிப் பார்க்கலாம்.

இந்த அதிசயத்தை உலகத்திலேயே முதலில் வாசித்தவன் அந்தப் பெக்கோவை ஓட்டிய இராசதுரை. தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு. வீதிக்குக் கீழே, குடாவுக்கு மேலே, இரண்டுக்கும் நடுவில் ஒரு பள்ளம். இடம்பெயர்ந்து வந்த தொண்ணூறு குடும்பங்களுக்கு அதில்தான் முகாம். யார் தேர்ந்தெடுத்த இடமோ, தண்ணீருக்கு மிகவும் பிடித்த இடம். போன மாரியில் கொட்டில்களுக்குள் இடுப்பளவு வெள்ளம். இராசதுரையும் மனைவி கமலாதேவியும் இரண்டு பெண்பிள்ளைகளும் மூன்று நாள் வீதியில் ஒரு தறப்பாளைத் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு நின்றார்கள். சின்னவளுக்கு வயிற்றோட்டம் கண்டு, பதினேழு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து, பிழைப்பாளோ மாட்டாளோ என்று இருந்து பிழைத்தாள். அந்தப் பதினேழு நாளையும் இராசதுரை மறக்கவில்லை.

அதனால்தான் இந்த வாய்க்கால் வேலை வந்தபோது அவன் முகாமிலிருந்தே முதல் ஆளாகப் போய் நின்றான். பள்ளத்துத் தண்ணீரைக் குடாவுக்குள் இறக்க ஒரு வாய்க்கால், அறுநூறு மீற்றர். ஒரு தொண்டு நிறுவனம் பெக்கோவை அனுப்பியிருந்தது. அவன் ஐந்நூற்றைம்பது வெட்டிவிட்டான். மிச்சம் ஐம்பது. கடலைத் தொடாத வாய்க்காலுக்கு வேறு பெயர் நீளமான குளம். மாரி தொடங்க இரண்டு கிழமை இருந்தது.

அப்போது சரஸ்வதி பூசை வந்தது.

வேலைக்குப் பொறுப்பான ஓவசியர் அருளம்பலம் பக்தி மிகுந்தவர். ஆயுதங்களுக்கு எல்லாம் பெரிய ஆயுதமான பெக்கோவைக் குளிப்பாட்டாமல் பூசை செய்யலாமா? தண்ணி பவுசர் லொறியைக் கூப்பிட்டு, பெக்கோவின் பக்கக் கதவுகளைத் திறந்து, உள்ளே வயர், குழாய் எல்லாவற்றுக்கும் சேர்த்துக் குழாயால் அடித்துக் கழுவுவித்தார். பிறகு சந்தனம், குங்குமம். இயந்திரத்தோடு வந்த விளக்கப் புத்தகத்தை மஞ்சள் பட்டில் சுற்றிக் கொலுவில் வைத்தார். விஜயதசமி கழிந்தும் பட்டை அவிழ்க்கவில்லை. புத்தகத்துக்கு நாள்தோறும் பூ வைத்தார்கள். திறந்து பார்க்கவேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. நம்மிடம் புத்தகங்கள் பொதுவாக இப்படித்தான் வாழ்கின்றன.

பூசை முடிந்த மறுநாள் காலை இராசதுரை திறப்பைப் போட்டுத் திருப்பினான். இயந்திரம் இருமியது. கை பாதி உயர்ந்து, பலமிழந்து, கீழே வந்தது. கண்ணாடியில் சிவப்பாக அந்த மூன்று எழுத்து எரிந்தது. இராசதுரைக்குத் தெரிந்த இங்கிலீஷ் பஸ் பெயர்ப்பலகையும் வள்ளங்களின் பெயரும்தான். வள்ளத்தில் MURUGAN என்று எழுதியிருந்தால் முருகன் என்று வாசிப்பவன், PEY என்று எழுதியிருந்தால் வேறெப்படி வாசிப்பான்? செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு கீழே குதித்தான்.

ஓவசியர் வந்தார். அவர் இங்கிலீஷில் டிப்ளோமா எடுத்தவர். மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்து, குனிந்து, நிமிர்ந்து, நெற்றியில் வியர்வையைத் துடைத்தார்.

"ஓம், பேய்தான்," என்றார். "ஸ்பெல்லிங்கும் சரி."

படித்தவரே சொல்லிவிட்டார். பிறகென்ன? தமிழும் அரச கரும மொழி என்று சட்டம் வந்து எத்தனையோ வருடம், அரசாங்கக் கச்சேரியிலிருந்து வரும் கடிதம் இன்னும் சிங்களத்தில்தான் வருகிறது. யப்பான்காரன் செய்த பெக்கோ தமிழில் எழுதுகிறது என்றால் அது சும்மா விஷயமா? சிலருக்குப் பெருமையில் கண்ணே கலங்கியது. காவலுக்கு நின்ற சிங்கள நேவிக்காரப் பையன் ஒருவனும் எட்டிப் பார்த்தான். "பீ, ஈ, நாலு," என்றான், தெரிந்த தமிழில். பாவம், தமிழ் வாசிக்கத் தெரியாதவன் என்று சனம் அவனை மன்னித்தது.

கொழும்பிலிருந்து கம்பனி மெக்கானிக் வரவேண்டுமானால் பாதுகாப்பு அனுமதி வேண்டும். அதற்கு மூன்று கிழமை. பேயோட்டிக்கு அனுமதி தேவையில்லை. மறுநாளே மிஷின் சாமி என்று ஒருவர் வந்து இறங்கினார்.

உடம்பெல்லாம் விபூதி, மார்பு வரை தாடி, நாலடிச் சூலம். மனிதப் பேய்களைத் தான் தொடுவதில்லை என்றும், தன்னுடைய பிரிவு இயந்திரப் பேய் மட்டுமே என்றும் அறிவித்தார். எங்கோ ஒரு அரிசி மில்லில் ஒன்று, ஒரு தண்ணி மோட்டரில் இரண்டு பிடித்திருக்கிறாராம். முதல் நாளே ஒரு தாச்சிச் சட்டி நிறையச் சாம்பிராணி போட்டு, பக்கத்தில் நிற்பவரே தெரியாத புகையில், பக்கக் கதவைத் திறந்து உள்ளே தலையை விட்டு மந்திரம் ஓதினார். வெளியே வந்து தாயத்துப்போல் ஒரு பெரிய அச்சரக்கூட்டை ஓட்டுநர் கூட்டுக்குள் கட்டினார். இதைத் திறந்தவன் தலை சுக்குநூறாகும் என்றார்.

அன்றிலிருந்து பேய் ஒழுங்குக்கு வந்தது. காலையில் பனி ஈரத்தோடு வரும். சாமி சாம்பிராணி போட்டு, சன்னதம் கொண்டு ஆடி, வெயில் ஏறப் பதினொரு மணிக்கு அதை விரட்டுவார். கண்ணாடி அணையும். சனம் அரோகரா என்னும். மறுநாள் காலை மறுபடி வரும். இவ்வளவு நேரம் தவறாத உத்தியோகத்தரை அந்த மாவட்டத்தில் வேறெங்கும் பார்க்க முடியாது. அப்படியானால் பதினொரு மணிக்குப் பிறகு வேலை செய்யலாமே என்று இராசதுரை கேட்டான். பேய் போக்குக்காட்டிவிட்டுக் கைக்குள் பதுங்கியிருக்கிறது, ஏறி உட்கார்ந்தால் ஆள் இல்லை என்றார் சாமி. இராசதுரை அதற்குமேல் கேட்கவில்லை. அவன் பயந்தவன் என்று சொல்வதில் எனக்கு ஒரு கூச்சமும் இல்லை, நன்றாகவே பயந்தான்.

காணிக்கை? சாமி காசைக் கையால் தொடமாட்டார். முகாமுக்கு வந்த நிவாரணச் சீனி, பருப்பு, தேங்காயெண்ணெய் போதும் என்றார். பிள்ளைக்குத் தேத்தண்ணியில் போட வைத்திருந்த சீனியைச் சுருட்டி எடுத்து வந்து தாய்மார் சாமியின் சாக்கில் கொட்டினார்கள். பேய்க்கு இனிப்பு பிடிக்குமாம்.

ஒன்பதாம் நாள் சாமி கண்ணை மூடி ஒரு தீர்ப்புச் சொன்னார். பேய் சாதாரணமானதில்லை, ஒரு மண்டலம் வேண்டும், நாற்பத்தெட்டு நாளைக்குப் பெக்கோவை ஒருவரும் அசைக்கக்கூடாது, வாய்க்காலையும் தொடக்கூடாது. நாற்பத்தெட்டாம் நாள் தானே பெக்கோவை எழுப்பிக் காட்டுவாராம்.

இராசதுரை விரல் விட்டு எண்ணினான். மார்கழி நடுப்பகுதி. அதற்குள் இரண்டு வெள்ளம் வந்து போய்விடும். அன்று பின்னேரம் அவன் கொட்டில் வாசலில் குந்தியிருந்து, சின்னவளின் காலையே பார்த்துக்கொண்டிருந்தான். போன வருடம் வெள்ளம் ஏறிய அடையாளம் கொட்டில் கம்பில் இன்னும் இருந்தது. அது அவள் தலைக்கு மேலே இருந்தது.

கமலாதேவி அடுப்பை ஊதிக்கொண்டிருந்தவள் திரும்பிப் பார்த்தாள்.

"நான் ஒண்டு கேக்கிறன், கோவிக்காதையுங்கோ. தமிழ் தெரிஞ்ச பேய் எண்டா ஏன் இங்கிலீஷ் எழுத்தில எழுதுது?"

இராசதுரை பெண்களுக்கு இதெல்லாம் விளங்காது என்று சொல்ல வாயெடுத்தான். தனக்கும் விளங்கவில்லை என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

மறுநாள் விடிய அவள் கிண்ணியாத் துறைக்குப் போய்விட்டாள். அங்கே தாஹிர் நானா என்று வயரிங் வேலையில் கைதேர்ந்த ஒரு பாஸ் இருந்தார். முகாமின் தண்ணி மோட்டர் நின்றபோது வந்து அரை மணித்தியாலத்தில் ஓடவைத்தவர். அதிகம் பேசமாட்டார். மின்சாரம் சோதிக்கிற தன் மீற்றர், வயர்த்துண்டு, பற்றரி, ஸ்குறூ ட்றைவர் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு அவளோடு புறப்பட்டார். சென்றிப் பொயின்றில் காவல் நின்றவர்கள் பையைத் திறந்தார்கள். மீற்றரா, வயரா, பற்றரியா? குண்டு வைக்கப் போகிறவனைப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள். ஒரு மணித்தியாலம் வெயிலில் நிறுத்தி, பையைப் பறித்து வைத்துக்கொண்டு ஆளை மட்டும் விட்டார்கள். அதே சென்றியைத்தான் மிஷின் சாமி நாலடி இரும்புச் சூலத்தோடு தினமும் கடந்துகொண்டிருந்தார். அவரை ஒருவரும் மறித்ததில்லை.

இப்படியாகத் தாஹிர் வெறுங்கையோடு வந்து சேர்ந்தார். வானம் கறுத்துக்கொண்டு வந்தது. இரண்டொரு தூறல்கூட விழுந்தது. சனம் இருநூறு பேருக்குக் குறையாது. பெக்கோவின் கண்ணாடியில் பேய் சிவப்பாக எரிந்துகொண்டிருந்தது. தாஹிர் ஏறிப் பார்த்தார். இறங்கினார். பக்கக் கதவைத் திறந்தார். சாமி சூலத்தைக் குறுக்கே நீட்டி, தொட்டவன் தலை வெடிக்கும் என்றார், ஓவசியரும் கூடாது என்றார். கமலாதேவி இரண்டு பேருக்கும் நடுவில் போய் நின்றாள். தலை வெடிப்பதானால் நானாவின் தலைதானே வெடிக்கும், உங்களுக்கென்ன என்று கேட்டாள். அது சனத்துக்கும் நியாயமாகப் பட்டது. தலை வெடிப்பதைப் பார்க்க எல்லோருக்கும் உள்ளூர ஆசையும் இருந்தது.

உள்ளே ஒரு இரும்புக் கட்டையில் வரிசையாக ஆறு சென்சர், ஆறுக்கும் ஆறு பிளக். எண்ணெயின் அமுக்கத்தை அளந்து கண்ணாடிக்குச் சொல்லுவது அவற்றின் வேலை. தாஹிர் நாலாவதைக் கழற்றினார். உள்ளே ஈரம் மினுங்கியது. சாரன் தலைப்பால் துடைத்து, வாயால் ஊதி, திரும்பக் கொழுவினார். இராசதுரையைத் திறப்பைப் போடச் சொன்னார்.

கண்ணாடி வெறுமையாக இருந்தது. மணி ஒன்பதே கால். பதினொரு மணிக்கு முன்னர் பேய் போனது அன்றுதான் முதல் தடவை.

"ஓடி ஒளிச்சிட்டுது," என்றார் சாமி. "இந்தாள் கோபமூட்டிப் போட்டார். இனி விபரீதம்தான்."

தாஹிர் ஐந்தாவது பிளக்கைக் கழற்றினார். கண்ணாடி எரிந்தது. இராசதுரை எட்டிப் பார்த்து வாசித்தான். "PES."

"பேச!" என்று ஓவசியர் கத்தினார். "பேசப்போகுதாம்!"

சனம் பத்தடி பின்னே போனது. தாஹிர் ஐந்தைக் கொழுவி ஆறைக் கழற்றினார்.

"PEG," என்றான் இராசதுரை.

பெக். சாராயம் கேட்கிறது. கூட்டத்தில் ஒரு பெரியவர் இது தனக்குத் தெரிந்த ஆளின் ஆவியாகத்தான் இருக்கவேண்டும் என்று சொல்லி மூன்று பெயர் சொன்னார். யாரோ போத்தல் வாங்கப் புறப்பட்டே விட்டார்.

தாஹிர் அந்த நேவிக்காரப் பையனைக் கையசைத்துக் கூப்பிட்டார். நாலைக் கழற்றினார், ஐந்தைக் கழற்றினார், ஆறைக் கழற்றினார். ஒவ்வொன்றுக்கும் பையன் கண்ணாடியைப் பார்த்துச் சொன்னான்.

"நாலு. அஞ்சு. ஆறு."

இராசதுரை கண்ணாடியை மறுபடி பார்த்தான். Y என்று வாசித்தது தலை மூடாத நாலு. குச்சி குச்சியாக எரிகிற நாலு. சந்தையில் கணக்குப் பார்க்கிற பெட்டியில் ஆயிரம் தரம் கண்ட அதே நாலு. அவன் முகம் வெட்கத்தில் சிவந்தது.

"முன்னுக்கு நிக்கிற P, E ரெண்டும் அமுக்கம் பிழை எண்டு சொல்லுற எழுத்து," என்றார் தாஹிர். "கடைசியா நிக்கிறது எத்தினையாம் சென்சர் எண்ட நம்பர். அவ்வளவுதான்."

சனம் சும்மா விடுமா? நம்பர் வழியாகப் பேய் வரக்கூடாது என்று சட்டமா என்று ஒருவர் கேட்டார். சாமிக்கு உயிர் வந்தது. கண்ணாடி பொய் சொல்லலாம், தான் கண்ணை மூடினாலே பேய் நிற்கும் இடம் தன் மயிர்க்கால்களுக்குத் தெரியும் என்றார்.

அதற்காகத்தான் கமலாதேவி காத்திருந்தாள்.

"அப்ப நல்லதாப் போச்சு சாமி. கண்ணாடியைத் துணியால மூடுவம். நானா பிளக்கைக் கழட்டுவார், இல்லாட்டிப் பூட்டுவார். நீங்கள் அங்கால பாத்து நிண்டு, பேய் நிக்குதோ இல்லையோ எண்டு சொல்லுங்கோ. சனம் சாட்சி."

இருநூறு பேருக்கு முன்னால் ஏலாது என்று எந்தச் சாமிதான் சொல்லும்?

கண்ணாடியில் துவாயைப் போட்டார்கள். சாமி முதுகைக் காட்டி நின்றார். தாஹிர் நாலைக் கழற்றிக் கையில் பிடித்துச் சனத்துக்குக் காட்டினார். சாமி மூக்கை உறிஞ்சி, இல்லை, காற்று சுத்தமாயிருக்கிறது என்றார். துவாயை எடுத்தார்கள். PE4 எரிந்தது. பிளக்கைக் கொழுவினார். வந்திட்டுது, தலைமயிரைப் பிடித்து இழுக்குது என்று சாமி அலறினார். துவாயை எடுத்தார்கள். ஒன்றுமில்லை. மூன்றாம் தரம் தாஹிர் எதையும் தொடவில்லை. கையைக் கட்டிக்கொண்டு சும்மா நின்றார். சாமி கொஞ்சம் யோசித்தார். பிறகு நிலத்தில் விழுந்து, உருண்டு, நாக்கைக் கடித்து, பெக்கோவின் சங்கிலியில் தலையை முட்டி, இதுவரை காணாத சன்னதம் கொண்டார். துவாயை எடுத்தார்கள். கண்ணாடி கறுப்பாக இருந்தது. முதலில் சிரித்தது ஐஸ்பழக்காரர். பிறகு சனம்.

தாஹிர் சிரிக்கவில்லை. பிளக்குகளை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மத்த அஞ்சுக்கும் வாயில செம்மஞ்சள் ரப்பர் வளையம் இரிக்கி," என்றார். "தண்ணி உள்ளுக்குப் போகாம இரிக்க. இந்த நாலாவதுட வளையம் எங்க? கழுவின தண்ணியெண்டா ரெண்டு நாள்ல காஞ்சிருக்கும். வளையத்தை ஆரோ கழட்டினதாலதான் ஒவ்வொரு நாளும் பனி இறங்குது."

கமலாதேவி நேரே ஓட்டுநர் கூட்டுக்குள் ஏறினாள். அச்சரக்கூட்டை அறுத்து எடுத்தாள். வேண்டாம் பிள்ளை, தலை போகும் என்று ஓவசியர் அழாத குறையாகக் கெஞ்சினார். அவள் மூடியைப் பல்லால் கடித்துத் திறந்தாள். எல்லோரும் அவளுடைய தலையையே பார்த்தார்கள். அது இருந்த இடத்திலேயே இருந்தது. அச்சரக்கூட்டுக்குள்ளிருந்து அவள் உள்ளங்கையில் விழுந்தது ஒரு செம்மஞ்சள் ரப்பர் வளையம்.

நாற்பத்தெட்டாம் நாள் திரும்பப் போடுவதற்காகப் பத்திரப்படுத்தியிருக்கிறார். பொறுப்பான சாமி.

உருண்டதில் விபூதியெல்லாம் வியர்வையோடு வழிந்து, முகம் வெளிச்சத்துக்கு வந்திருந்தது. தாஹிர் உற்றுப் பார்த்தார்.

"நீங்க ஆனந்தராசா தானே? சேர்விஸ் ஸ்டேசன்ல பெக்கோ கழுவின ஆள்?"

ஆனந்தராசா எழும்பி, சூலத்தை ஊன்றிக்கொண்டு வீதிக்கு நடந்தார். சாக்கையும் தூக்கத்தான் பார்த்தார். கமலாதேவி அதன் மேல் ஏறி உட்கார்ந்துவிட்டாள். அவர் புகழால் உண்டான தரிப்பிடத்தில் பஸ் அவருக்காகவே வந்து நின்றது. கொண்டக்டர் எழும்பி ஆசனம் கொடுத்தார். விஷயம் இன்னும் அவருக்குத் தெரியாது.

வளையத்தைப் போட்டு நாலாவது பிளக்கைக் கொழுவியதும் பெக்கோ கையை உயர்த்தியது. எலுமிச்சம்பழங்கள் ஐந்தும் கீழே உருண்டன. இராசதுரை அன்றும் மறுநாளும் இறங்காமல் வெட்டினான். சோறும் மேலேதான். கடைசி வாளி மண்ணை அள்ளியபோது குடாத் தண்ணீர் வாய்க்காலுக்குள் எட்டிப் பார்த்தது. நான்காம் நாள் மாரி கொட்டியது. பள்ளத்தில் விழுந்த தண்ணீர் சுழித்துக்கொண்டு குடாவுக்குள் ஓடியது. கொட்டில் வாசலில் நின்று சின்னவள் கடதாசிக் கப்பல் விட்டாள். அது போன வேகத்தைப் பார்த்து இராசதுரை அழுதான். தண்ணீர் அவள் கணுக்காலைத் தாண்டவில்லை.

இத்தோடு சனத்துக்குப் புத்தி வந்துவிட்டது என்று எழுதி முடிக்க எனக்கும் ஆசைதான். அடுத்த கிழமை நிலாவெளியிலிருந்து ஒரு அம்மா கிண்ணியாத் துறைக்கே தேடிப் போய், பேயையே அடக்கிய அந்த ரப்பர் வளையத்தில் ஒன்று தன் பேரனின் கழுத்தில் கட்டத் தரமுடியுமா என்று தாஹிரைக் கேட்டிருக்கிறார். ஓவசியர் அருளம்பலம் விளக்கப் புத்தகத்தின் மஞ்சள் பட்டை அவிழ்த்தார். பழைய பட்டு அழுக்காகிவிட்டதாம். புதுப் பட்டில் சுற்றி வைத்தார்.

இராசதுரை மட்டும் கூட்டுக்குள், அந்தக் கண்ணாடிக்குக் கீழே, சோக்கால் ஒரு நாலு எழுதி வைத்தான். யாராவது ஏறி வந்து பேய் எங்கே என்று கேட்டால் அதைக் காட்டுவான்.

எழுத்தென்று நாங்கள் வாசித்துக் கும்பிட்டது ஒரு எண். இனியாவது, கன்னத்தில் போட முன்னம், கொஞ்சம் எண்ணிப் பாருங்கள்.